அழுக்குப் பக்கம், சுத்தப் பக்கம்

எங்க வீட்டுக் கூடத்துல நட்டநடுவுல சிவப்பு டேப்பு ஒட்டி வெச்சவ எங்க சின்னவ. சின்னவன்னா என் ஓரகத்தி, என் கொழுந்தனோட பொண்டாட்டி. வாசக்கதவுலேருந்து டேப்பு வரைக்கும் அழுக்குப் பக்கம். டேப்பைத் தாண்டினா சுத்தப் பக்கம். செருப்பு, குடை, பை, வெளியில போட்டுட்டு வந்த துணி, வீட்டுக்கு வர்ற விருந்தாளி எல்லாமே அழுக்குப் பக்கம். கொழுந்தனும் அவன் கட்டிலும் மருந்துப் பெட்டியும் சுத்தப் பக்கம். "என் தையல் மெஷின் எந்தப் பக்கம்டி?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் நின்னு யோசிச்சா. அப்புறம் மெஷின் மேலயே குறுக்க டேப்பை ஒட்டிட்டா. ஊசி சுத்தம், நான் அழுக்கு. இதுக்கு நான் சிரிக்கிறதா அழறதா, நீங்களே சொல்லுங்க.

அதுக்காக அவளைக் கிறுக்குன்னு நெனச்சுடாதீங்க. அவளை நான் திட்டலாம், வேற யாரும் திட்டக் கூடாது. அவ வேலை பாக்கிறது ஆஸ்பத்திரி சலவைக் கூடத்துல. அங்க அப்படித்தான். கட்டடத்தை ரெண்டாப் பிரிச்சு நடுவுல ஒரு சுவர். அந்தச் சுவருக்குள்ள பெரிய பெரிய மெஷினாப் பதிச்சிருப்பாங்க, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு கதவு. இந்தப் பக்கத்துக் கதவு வழியா ரத்தமும் சீழும் பட்ட போர்வையைத் திணிப்பாங்க. வெந்து வெளுத்ததும் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து எடுப்பாங்க. ரெண்டு கதவும் ஒரே நேரத்துல திறக்காது. அழுக்குப் பக்கத்துல வேலை பாக்கிறவங்க சுத்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கக் கூடாது, சாப்பிடறதுக்கும் தனி மேஜை. சின்னவ அழுக்குப் பக்கம். கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே அங்கதான் இருக்கா. மூட்டை பிரிக்கிறதுல அவளை அடிச்சுக்க ஆளே கிடையாதுன்னு அவளே சொல்லிக்குவா.

இன்னொரு பழக்கமும் உண்டு அங்க. வெளுத்து வந்த துணியை எல்லாரும் மோந்து பாப்பாங்க. ப்ளீச்சிங் வாடை லேசா மூக்குல ஏறணும். ஏறலைன்னா "இது இன்னும் சரியா வேகல"ன்னு திருப்பி உள்ள போட்டுடுவாங்க. நல்லா அலசின துணியில வாடையே இருக்கக் கூடாதும்மா, வாடைக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமே இல்லன்னு சூப்பர்வைசர் தலைகீழா நின்னு சொல்லிப் பாத்தாராம். யார் கேக்கிறா. வாடை வந்தாத்தான் இவங்களுக்கு நிம்மதி.

சரி, விஷயத்துக்கு வர்றேன். என் கொழுந்தன் லிஃப்ட் ரிப்பேர் பாக்கிறவன். ஊர்ல இருக்கிற உயரமான கட்டடமெல்லாம் ஏறி இறங்கினவன், ஒரு நாள் எங்க வீட்டு மாடிப்படி ஏற முடியாம பாதியில உக்காந்துட்டான். ரெண்டு கிட்னியும் போச்சுன்னாங்க. வாரத்துல ரெண்டு மூணு தடவை டயாலிசிஸ் மெஷின் பக்கத்துல படுத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கிட்டுக் கிடந்தான். கடைசியில என் வீட்டுக்காரர் தன்னோடதுல ஒண்ணைத் தம்பிக்குக் கொடுத்தார். என்னைக் கேட்டுட்டுத்தான் கொடுத்தார். நானும் சரின்னேன். மனசாரத்தான் சொன்னேன், ஆனா பயந்துக்கிட்டேதான் சொன்னேன், அதையும் மறைக்க மாட்டேன். அதனால கொழுந்தன் வயித்துக்குள்ள இருக்கிறது என் வீட்டுக்காரரோட சொத்து. அவன் ஒரு தும்மல் போட்டா எனக்கும் சேர்த்துத்தான் தூக்கம் போகும்.

புதுசா வெச்ச கிட்னியைப் பாத்து, யாரோ வெளியாள் உள்ள வந்துட்டான்னு உடம்பு சண்டைக்குப் போகுமாம். போகாம இருக்க மாத்திரை. அந்த மாத்திரை உடம்புக்குள்ள காவலுக்கு நிக்கிறதையெல்லாம் அரைத் தூக்கத்துல வெச்சிருக்கும். "அதனால கிருமி அண்டாம பாத்துக்கங்க. கையை நல்லாக் கழுவுங்க. இவருக்கு ஒரு காய்ச்சல்கூட சாதாரணக் காய்ச்சல் இல்ல. கிட்னி போய்டும், ஆளுக்கே ஆபத்தாயிடும்"னு டாக்டரம்மா சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினாங்க. எல்லாரும் தலையாட்டினோம். சின்னவ காதுல மட்டும் அது ஆணி அடிச்ச மாதிரி இறங்கிடுச்சு.

முதல்ல எல்லாம் நியாயமாத்தான் இருந்துச்சு. சோப்புப் போட்டுக் கைகழுவுறது, தண்ணியைக் கொதிக்க வெக்கிறது, அவனுக்குன்னு தட்டு டம்ளர் தனியா வெக்கிறது. கொழுந்தனும் நல்லாத் தேறிக்கிட்டு வந்தான். முகத்துல பழைய களை, வாயில பழைய நக்கல். அப்பத்தான் ஒரு நாள் வேலையிலேருந்து வந்தவ குளியலறைக்குள்ள போனா, வெளிய வரவே இல்ல. கதவைத் தட்டினேன்.

"என்னடி பண்றே உள்ள?"

"கைகழுவுறேன்க்கா."

"எவ்வளவு நேரம்டி கழுவுவே, கை கரைஞ்சு போய்டப் போகுது."

கதவைத் திறந்துக்கிட்டு வந்தப்ப அவ மேல சலவைக் கூடத்து வாடை அடிச்சுது. கடையில ப்ளீச்சிங் தண்ணி வாங்கி வந்து, வாளியில கலந்து, முழங்கை வரைக்கும் முக்கி எடுத்திருக்கா. நான் பாக்கப் பாக்க ரெண்டு உள்ளங்கையையும் மூக்குக்கிட்ட கொண்டுபோய் மோந்து பாத்துக்கிட்டா. முகத்துல ஒரு நிம்மதி. அன்னியிலேருந்து அது தினப்படி வேலையாயிடுச்சு. வாடை குறைஞ்சா வாளி, மறுபடியும் வாடை குறைஞ்சா மறுபடியும் வாளி.

என்ன காரணம்னு எனக்கு ரொம்ப நாள் புரியல. வாயைப் பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டப்புறம்தான் சொன்னா. கொழுந்தனுக்கு ஆபரேஷன் நடந்தப்ப பக்கத்துக் கட்டில்ல இன்னொருத்தர் இருந்தார், அவருக்கும் அதே ஆபரேஷன். அவர் பொண்டாட்டியும் சின்னவளும் வராந்தா பெஞ்சில ஒண்ணா உக்காந்து, ஒரே பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிச்சுத் தின்னு, கூடப் பொறந்தவங்க மாதிரி ஆயிட்டாங்க. அந்தம்மா வீட்டுலேருந்து தலையணை உறை கொண்டாந்து போடுவாங்க, ஓரத்துல நீலப் பூ போட்டு அவங்களே தைச்சது. எல்லாரும் வீடு திரும்பி மாசங்கள் ஆச்சு. ஒரு நாள் சின்னவ சிவப்புச் சீட்டுக் கட்டின மூட்டையைப் பிரிச்சிருக்கா. சிவப்புச் சீட்டுன்னா தொத்து நோய் வார்டுலேருந்து வர்றது. போர்வைக்கு நடுவுல அந்த நீலப் பூ உறை.

"உடனே போன் பண்ணேன்க்கா. வேற யாரோ எடுத்தாங்க. அவரைக் காய்ச்சல்னு கொண்டாந்து சேர்த்தாங்களாம், அந்த வாரத்தையே தாண்டலையாம்." கொஞ்ச நேரம் கையைப் பாத்துக்கிட்டே இருந்தா. "அந்த உறையை நான்தான்க்கா எடுத்து மெஷின்ல போட்டேன். இதே கையால."

அதுக்கப்புறம் அவளைக் கிண்டல் பண்ண மனசு வரல. கிண்டல் பண்ணியாவது கொஞ்சம் தடுத்திருக்கலாம். ஆனா நீலப் பூவை நெனச்சா நானே எழுந்து போய் இன்னொரு தடவை கைகழுவிட்டு வந்தேன்.

தன் கையோட நிறுத்தியிருந்தாப் பரவாயில்லை. அவளுக்குக் கிருமிங்கிறது எல்லாத்து மேலயும் படிஞ்சு கெடக்கிற கறை. புருஷன் மேலயும்தான். காலையில ஒரு குளியல், சாயங்காலம் ஒரு குளியல், கை பொறுக்காத வெந்நீர். நாரைப் போட்டுத் தேய்ப்பா பாருங்க, பாத்திரத்தைக்கூட யாரும் அப்படித் தேய்க்க மாட்டாங்க. தேய்ச்ச மேல ஸ்பிரிட்டுப் பஞ்சு. மூக்குக்குள்ள இருக்கிற முடியில தூசி சேருதுன்னு கத்தரியால ஒட்ட வெட்டி, குச்சியில பஞ்சு சுத்தி அங்கயும் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைச்சா. கண்ணுல தண்ணி வந்துடும் அவனுக்கு. வாய் கொப்பளிக்க ஒரு எரியுற மருந்து. உதடெல்லாம் வெடிச்சு, மூக்கு ஓரத்துல ரத்தம் காஞ்சு பொருக்குக் கட்டிக்கிட்டுக் கிடந்துச்சு.

"அண்ணி, தோய்ச்சாச்சு, பிழிஞ்சாச்சு. என்னைக் கொடியில போடறதுதான் பாக்கி"ம்பான் கொழுந்தன்.

"சிரிக்காதேடா. வேண்டாம்னு சொல்லித் தொலையேன் அவகிட்ட."

"எப்படி அண்ணி சொல்றது. அவ பயப்படறதே என்னாலதானே. தேய்ச்சா அவளுக்குக் கொஞ்ச நேரம் பயம் போகுது. தேய்ச்சுட்டுப் போகட்டும்."

எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு, ரெண்டு பேர் மேலயும். துணி தைக்கிறவ நான், கட்டைவிரல்ல ஊசி குத்தின தழும்பு எப்பவும் இருக்கும். அதைப் பாத்துட்டு, "அக்கா, நீங்க அவருக்குச் சாப்பாடு எடுத்து வெக்காதீங்க, விரல்ல ஓட்டை இருக்கு"ன்னா. என் வீட்டுலயே எனக்கு இந்தக் கதி. சரி தாயே, நீயே எடுத்து வையின்னு விட்டுட்டேன்.

அவ கையை நான் பாத்தது தற்செயலா. எப்பவும் கை முழுக்க மறைக்கிற சட்டை, வீட்டுக்குள்ளயும் கையுறை. ஒரு நாள் தட்டு நழுவி விழுந்து, பொறுக்கறதுக்காகக் கையுறையைக் கழட்டினா. விரல் முட்டியெல்லாம் வெடிப்பு. வெடிப்புக்குள்ள சிவப்பு. உள்ளங்கை உரிஞ்சு, விரலை நீட்ட முடியாம பாதி மடங்கிக் கிடந்துச்சு. சில இடத்துல மஞ்சளா நீர் கோத்திருந்துச்சு.

"அடிப்பாவி, என்னடி இது. டாக்டர்கிட்ட காட்ட வேண்டாமா?"

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. கிருமி சாகணும்னா கூடக் கொஞ்சம் தோலும் சாகத்தான் செய்யும்." சொல்லிட்டு மோந்து பாத்துக்கிட்டா.

அந்த வாரமே காய்ச்சல் வந்துச்சு. நான் காலையில டீ கொண்டுபோய் டேப்புக்கு இந்தப் பக்கம் வெச்சேன். கொழுந்தன் எழுந்து வந்து எடுத்தான், டம்ளர் அவன் கையில தடதடன்னு ஆடி டீ முழுக்கத் தரையில. "குளிருது அண்ணி"ன்னான். வெளிய வெயில் சுட்டுக்கிட்டிருந்துச்சு. சின்னவ தெர்மாமீட்டரை வெச்சுப் பாத்தா, என்கிட்ட நீட்டினா. அவ முகம் செத்துப் போச்சு. வாடகைக் காரைக் கூப்பிட்டு ஏத்தினோம். கார் போகப் போக அவ சீட்டையும் கதவுக் கைப்பிடியையும் ஸ்பிரிட்டால துடைச்சுக்கிட்டே வந்தா. நான் தடுக்கல. எனக்கும் ஏதாவது ஒண்ணைத் துடைக்கணும்போலத்தான் இருந்துச்சு.

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா அவன் பேன்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டிப் பாத்தாங்க. கணைக்கால்ல நார் பட்டுக் கீறின இடத்தைச் சுத்தி ஒரு சிவப்பு. பளபளன்னு வீங்கி, தொட்டா அனல். பேனாவை எடுத்துச் சிவப்போட ஓரத்துல கோடு போட்டாங்க. "இந்தக் கோட்டைத் தாண்டுதான்னு பாத்துக்கிட்டே இருக்கணும்"னாங்க. மத்தியானத்துக்குள்ள தாண்டிடுச்சு. இன்னொரு கோடு போட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள அதையும் தாண்டி முழங்காலுக்கு வந்துடுச்சு. நான் அந்தக் கோட்டையே பாத்துக்கிட்டு நின்னேன். பாக்காத நேரத்துல நகருமோன்னு பயம், பாத்துக்கிட்டிருக்கும்போதும் நகருதுன்னு பயம்.

"இவரை யாரு குளிப்பாட்டுறது?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. சின்னவ முன்னாடி வந்தா. "கையுறையைக் கழட்டுங்க." கழட்டினா. அந்தம்மா அந்தக் கையைத் தன் கையில வாங்கி, திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. திட்டுவாங்கன்னு நெனச்சேன். திட்டல. எங்களை வராந்தாவுக்குக் கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சாங்க.

நான்தான் கேட்டேன். "எந்தக் கிருமிம்மா? வெளியிலேருந்து வந்ததா? ஆஸ்பத்திரித் துணியிலேருந்தா?"

"டெஸ்ட் வந்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். ஆனா வெளியிலேருந்து வந்திருக்கணும்னு அவசியமே இல்ல. நெறைய பேரோட தோல் மேலயும் மூக்குக்குள்ளயும் எப்பவும் உக்காந்திருக்கிறதாத்தான் இருக்கும். தோல் முழுசா இருக்கிற வரைக்கும் அது வெளிய சும்மா கெடக்கும், ஒண்ணும் பண்ணாது. வழி கிடைச்சா உள்ள போகும்."

அப்புறம் அவங்க சொன்னதை என் பாஷையில சொல்றேன். மேல்தோல்ங்கிறது செத்த தோலைக் கூரை ஓடு மாதிரி நெருக்கி அடுக்கினதாம். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவுல எண்ணெய்ப் பசை. கூடவே லேசான புளிப்பு, கெட்ட கிருமிக்கு அது ஒத்துக்காது. நமக்குக் கெடுதல் பண்ணாத கிருமிங்க வேற அங்க குடியிருக்கு, வேற யாருக்கும் இடம் விடாம. சூடுதண்ணியும் ப்ளீச்சிங்கும் ஸ்பிரிட்டும் எண்ணெயை எடுத்துடும், அந்த ஓடுங்களைப் பெயர்த்துடும், குடியிருக்கிறதையும் காலி பண்ணிடும். மூக்குலயும் வாயிலயும் அந்த ஓடு கிடையாது, மெத்துன்னு ஈரமா இருக்கும். அங்க சளிதான் காவல். மூச்சோட வர்ற தூசியையும் கிருமியையும் ஒட்டிப் பிடிச்சுக்கும், கண்ணுக்குத் தெரியாத மயிரிழைங்க அதைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கிட்டே இருக்கும். நாம நமக்கே தெரியாம முழுங்கிடறோம், வயித்துல இருக்கிற அமிலத்துல அது வெந்து போகும். எச்சில் இருக்கு, கண்ணீர் இருக்கு, அதுங்களும் சும்மா இல்ல, கழுவிவிட்டுக்கிட்டேதான் இருக்கு. மூக்கைக் காய வெச்சா இந்த வேலையெல்லாம் நின்னு போய்டும்.

சின்னவ தலையை நிமிர்த்தினா. "நாங்க போர்வையை அப்படித்தானேம்மா சுத்தம் பண்றோம். கொதிக்க வெச்சு, ப்ளீச்சிங் போட்டு. அப்பத்தானே கிருமி சாகும்?"

"போர்வை தாங்கும்மா. அதுக்கு உயிர் இல்ல." டாக்டரம்மா அவ கையை மறுபடியும் பாத்தாங்க. "நாங்க கொடுக்கிற மாத்திரை உள்ள இருக்கிற காவலைத்தான் தூங்க வெக்குது. தோலையும் சளியையும் ஒரேயடியாத் தூங்க வெக்கல. உங்க வீட்டுக்காரருக்கு நல்லா மிச்சம் இருந்த காவல் இதுதான்."

அவங்க கெட்ட எண்ணத்துல சொல்லல. இனிமேலாவது புரியணும்னு சொன்னாங்க. ஆனா அந்த வார்த்தை சின்னவ மேல விழுந்ததை நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன். எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. என் வீட்டுக்காரர் வயித்தைக் கிழிச்சு எடுத்துக் கொடுத்ததை இவ நாரைப் போட்டுத் தேய்ச்சே அழிச்சுட்டாளேன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. சொல்லல. நல்ல மனசால சொல்லாம விட்டேன்னு நெனைக்காதீங்க. அவ முகத்தைப் பாத்தேன், அதுக்கு மேல இன்னொரு வார்த்தை விழ அதுல இடமே இல்ல.

தீவிர சிகிச்சைக்கு மாத்தினாங்க. உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு சிஸ்டர் வாசல்ல நின்னு எல்லார் கையையும் பாப்பாங்க. என் வீட்டுக்காரரை விட்டாங்க. ஊசி குத்தின என் விரல்ல ஒரு பிளாஸ்திரியைச் சுத்தி என்னையும் விட்டாங்க. சின்னவளை நிறுத்திட்டாங்க. "புண்ணோட உள்ள விட முடியாதும்மா. வெடிப்புல என்னென்ன இருக்கோ, நீங்க எவ்வளவு கழுவினாலும் போகாது. ஆறட்டும், அப்புறம் வாங்க." அவ வெடிப்புலேருந்தும் பஞ்சுல தொட்டு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாங்க. டாக்டரம்மா நெனச்ச கிருமிதான் கொழுந்தன் ரத்தத்துல. அதேதான் சின்னவ கையிலயும். யார்கிட்டேருந்து யாருக்குன்னு கேட்டா, இப்ப அதைச் சொல்ல முடியாதுன்னுட்டாங்க. உன் கையிலேருந்துதான்னு சொல்லியிருந்தாக்கூட அவ தாங்கியிருப்பா. சொல்ல முடியாதுங்கிறதுதான் அவளை அரிச்சுது.

அவனைக் காப்பாத்த மருந்து ஏத்தினாங்க. கிட்னிக்காகக் கொடுத்துக்கிட்டிருந்த மாத்திரையைக் குறைக்கவும் செஞ்சாங்க, உள்ள தூங்கிக்கிட்டிருக்கிற காவல் எழுந்து சண்டை போடணுமே. ஆனா அது எழுந்தா கிருமியோட மட்டுமா சண்டை போடும், அண்ணன் கொடுத்த கிட்னியோடயும் போடும். இந்தப் பக்கம் போனா அது, அந்தப் பக்கம் போனா இது. கட்டிலுக்குக் கீழ தொங்குற பையில மூத்திரம் சொட்டுதான்னு பாக்கிறதுதான் எங்களுக்கு வேலை. சொட்டினா கிட்னி உயிரோட இருக்கு. என் வீட்டுக்காரர் உள்ள போய்ட்டு வந்து, வாயால சொல்லாம, விரலை வெச்சு இவ்வளவுன்னு காட்டுவார். ஒரு நாள் விரலைக் காட்டவே இல்ல, வந்து உக்காந்தார்.

"உங்க கிட்னி வீணாப் போச்சா?"ன்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கொடுத்தப்பவே அது அவனோடதாயிடுச்சு. கிட்னி போனாப் போகுதுடி. எனக்குத் தம்பி வேணும்"னார். மனுஷன் அழுது நான் பாத்ததே இல்ல. அன்னிக்குப் பாத்தேன். பக்கத்துல சின்னவ இருந்தா, எழுந்து போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டா.

அவளுக்கு ஒரு களிம்பு கொடுத்தாங்க. தடவிட்டுப் பஞ்சுக் கையுறை போட்டுக்கணும், தண்ணி படக் கூடாது, அவசியத்துக்கு மட்டும் மிருதுவான சோப்பு. சூப்பர்வைசர் போன்ல கூப்பிட்டு, கை ஆறாம வேலைக்கு வர வேண்டாம், உன் இடம் எங்கயும் போகாதுன்னுட்டார். ஆக அவளுக்கு உள்ள போக முடியல, வேலைக்குப் போக முடியல, கைகழுவக் கூடாது. வராந்தா பெஞ்சில வெள்ளைக் கையுறையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. திடீர்னு எழுந்திருப்பா. கால் தானாக் குழாய்ப் பக்கம் போகும். நான் மணிக்கட்டைப் பிடிச்சு இழுத்து உக்கார வெப்பேன்.

"உக்காருடி."

"கழுவலைன்னா பயமா இருக்குக்கா."

"தெரியும். உக்காரு."

"கழுவினாலும் பயமா இருக்கு இப்ப." ரெண்டு பேரும் உக்காந்திருந்தோம். பிடிச்ச மணிக்கட்டை நான் விடல. நகத்தைக் கடிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது, அந்த வராந்தாவுலதான் பிடிச்சுது. கடிக்கப் போய், ஐயோ ஓரத்துத் தோல் பிஞ்சா என்னை உள்ள விட மாட்டாங்களேன்னு கையைக் கீழ இறக்கிக்குவேன்.

சிவப்பு ஒரு கோட்டுல நின்னுச்சு. மறுநாளும் அங்கயே நின்னுச்சு. அப்புறம் மெதுவாப் பின்வாங்க ஆரம்பிச்சுது. காய்ச்சல் இறங்குச்சு. பையில சொட்டுச் சொட்டா நிறைஞ்சுது. டாக்டரம்மா வந்து, "ஆள் பிழைச்சுட்டார். கிட்னியும் தாங்கிடுச்சு. ஆனா அடி பட்டிருக்கு, பழைய பலம் இருக்காது. எத்தனை வருஷம் ஓடும்னு இப்ப என்னால சொல்ல முடியாது"ன்னாங்க. சந்தோஷப்படறதா பயப்படறதா தெரியல. ரெண்டையும் பட்டேன்.

சின்னவ கையும் ஆறிக்கிட்டு வந்துச்சு. வெடிப்பெல்லாம் மூடி, இளஞ்சிவப்பா புதுத்தோல். திரும்ப எடுத்த டெஸ்டுலயும் ஒண்ணும் இல்ல. ஒரு நாள் சிஸ்டர் அவ கையைப் பிடிச்சு வெளிச்சத்துல வெச்சுப் பாத்துட்டு, "போய்ட்டு வாங்க. உள்ள நுழையும்போது ஒரு தடவை கழுவுங்க, சாதாரண சோப்பு, சாதாரணத் தண்ணி"ன்னாங்க.

வாசல் பக்கத்துல குழாய். நான் பின்னாடி நின்னேன். சோப்புப் போட்டா, விரலிடுக்கெல்லாம் தேய்ச்சா, அலசினா, குழாயை மூடினா. துடைச்சா. அப்புறம் அங்கயே நின்னா. கை மறுபடியும் குழாய்ப் பக்கம் போச்சு. பாதியில நின்னுச்சு. கையை இழுத்துக்கிட்டு என்கிட்ட திரும்பினா.

"அக்கா, நீங்களே போய்ட்டு வாங்க. நான் இங்கேருந்தே பாத்துக்கறேன்."

"ஏண்டி, நான் போய் என்ன பண்றது. உள்ள கெடக்கிறது என் புருஷனா? கண்ணைத் திறந்ததுலேருந்து வாசலையே பாத்துக்கிட்டுக் கெடக்கான். ஒவ்வொரு தடவையும் நாங்க நுழையறோம், அவன் மூஞ்சி தொங்கிப் போகுது. போடி உள்ள." சத்தமாவே சொல்லிட்டேன் போல, சிஸ்டர் திரும்பிப் பாத்தாங்க. சின்னவ போனா. நான் வாசப்படியிலயே நின்னுட்டேன்.

கொழுந்தன் பாதியா இளைச்சுப் போயிருந்தான். அவளைப் பாத்ததும் உதட்டுல பழைய நக்கல் வந்துச்சு, குரல்தான் வரல. மெதுவா, "கைகழுவிட்டு வந்தியா?"ன்னான்.

"ஒரே ஒரு தடவைதான்"ன்னா சின்னவ. சொல்லிட்டு, அப்படியே நின்ன இடத்துல விம்மி விம்மி அழ ஆரம்பிச்சுட்டா.

அவன் கையை நீட்டினான். அவ கட்டிலுக்கு ஒரு அடி தள்ளியே நின்னா. அவன் நீட்டின கையை, ஊசி குத்தின கையை, மடக்கவே இல்ல. கடைசியில அவ கிட்டப் போனா. அவன் அவ உள்ளங்கையைப் பிடிச்சுக் கன்னத்துல வெச்சுக்கிட்டுக் கண்ணை மூடினான். அந்த நீலப் பூ உறையைப் பாத்ததுலேருந்து கையுறையும் நாரும் பஞ்சும் இல்லாம அவ அவனைத் தொட்டதே இல்லன்னு எனக்கு அப்பத்தான் உறைச்சுது.

எல்லாம் தெரிஞ்சவதான் நான். டாக்டரம்மா சொன்னதை வார்த்தை விடாம கேட்டவ. அவ கை ஆறிடுச்சுன்னு கண்ணால பாத்தவ. இருந்தாலும், அந்தக் கை அவன் கன்னத்துல பட்டதும், "தொடாதேடி"ன்னு என் வாய் வரைக்கும் வந்துடுச்சு. வாயைப் பொத்திக்கிட்டு வாசல்லயே நின்னேன்.